தையல் கால்

அந்தப் பக்கத்தில் ஓடுகிற வேன்களில் பாதிக்கு மேல் அவர் தைத்த இருக்கைதான். அப்படிப்பட்ட குஷன்காரருக்கே உட்கார முடியாமல் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

"ஊருக்கெல்லாம் உக்கார எடம் பண்ணிக் குடுத்த மனுஷனுக்கு உக்கார எடமில்லாமப் போச்சே" என்று டீக்கடைக்காரர் சொன்னதை, குஷன்காரரே வீட்டில் வந்து சொல்லிச் சிரித்தார். அவர் மனைவிக்குச் சிரிப்பு வரவில்லை. டீக்கடைக்காரரின் பெஞ்சுக்கு அடுத்த முறை உறை தைக்கும்போது உள்ளே பஞ்சுக்குப் பதில் சரளைக்கல்லை வைத்துத் தைக்க வேண்டும் என்று மட்டும் நினைத்துக்கொண்டாள்.

அவளைத் தெருவில் எல்லோரும் பைப்பிங் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். இருக்கையின் விளிம்பைச் சுற்றி விரல் பருமனில் ஒரு கரை ஓடுமே, உள்ளே கயிறு வைத்து மேலே துணி சுற்றித் தைப்பது, அதற்குப் பெயர் பைப்பிங். நீளமாக வெட்டுவதும், ஒட்டுவதும், மூலை திருப்புவதும் அவர் வேலை. அந்தக் கரை மட்டும் அவள் வேலை. கரை கோணினால் எவ்வளவு நல்ல சீட்டும் பல் விழுந்த வாய் மாதிரி ஆகிவிடும்.

ஷெட்டில் இரண்டு தையல் மிஷின்கள் அக்கம் பக்கமாக. முன்பெல்லாம் இரண்டுக்கும் சேர்த்து ஒரே நீளப் பெஞ்சு. அவர் ஒரு முனை, அவள் ஒரு முனை. அவர் தன் நகைச்சுவைக்குத் தானே குலுங்கிச் சிரித்தால் பெஞ்சு ஆடும், அவளுடைய கரை கோணிக்கொண்டு போகும். "சிரிக்கறதுன்னா எழுந்து போய் சிரிச்சுட்டு வாங்க" என்று திட்டுவாள். இப்போது பெஞ்சு ஆடுவதில்லை. அவர் தன் மிஷினுக்கு அடியில் செங்கல் அடுக்கி உயர்த்திக்கொண்டு, இடது காலில் நின்று, வலது காலால் மிதியை மிதித்துத் தைக்கிறார். வண்டி கொண்டுவருகிறவர்கள் கொக்கு என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவளுடைய கரை இந்த ஒரு வருஷமாக ஒரு நூல் பிசகாமல் போகிறது. அதைப் பார்க்கத்தான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

ஆசனவாய்க்குப் பக்கத்தில் கட்டி என்றுதான் ஆரம்பித்தது. உடைந்தது, ஆறியது, திரும்ப வந்தது. பௌத்திரம் என்றார்கள். உள்ளே குடலின் முடிவிலிருந்து வெளியே தோல் வரைக்கும் எலி வளை மாதிரி ஒரு வழி விழுந்துவிடுமாம். இரண்டு முறை அறுவை செய்தாகிவிட்டது. இரண்டு முறையும் ஆறினாற்போல் ஆறி, பழையபடி கசிய ஆரம்பித்தது.

வலியை அவர் பொருட்படுத்தவில்லை. கசிவைத்தான் பொறுக்க முடியவில்லை. தன் துணியைத் தானே துவைத்துக்கொண்டார், அதுவும் அவள் கடைக்குப் போன நேரம் பார்த்து. சாப்பாட்டுத் தட்டை வாங்கிக்கொண்டு வாசல்படியில் நின்று சாப்பிட்டார். பிறகு ஒரு நாள் தலையணையை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனார். அவசர வேலை என்றார். அந்த அவசரம் முடியவே இல்லை. வெட்டிப்போட்ட ஃபோம் துண்டுகளைச் சேர்த்து, அதன் மேல் குப்புறப் படுத்துத் தூங்கினார்.

மழைக்காலம் தொடங்கியதும் அவள் கேட்டாள்.

"உள்ள வந்து படுங்களேன். ஷெட்டு ஒழுகுது."

"நானுந்தான் ஒழுகுறேன். ரெண்டும் ஒண்ணா கெடக்கட்டும்."

அவருக்கு எல்லாமே வேடிக்கைதான். ஆனால் அதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

பெரிய டாக்டர் நல்லவர், பேச்சு மட்டும் கறார். "மூணாவது தடவை நான் குத்துமதிப்பா கத்தி வைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். "மலத்தை அடக்குறதுக்குன்னு அங்க வளையமா சதை இருக்கு. இந்த வழி அதை எந்த எடத்துல தாண்டுது, எங்கயாவது கிளை விட்டிருக்கான்னு தெரியணும். தெரியாம அறுத்தா அடக்குற சக்தியே போயிடும். அப்புறம் இது எவ்வளவோ தேவலைன்னு ஆயிடும். எம்ஆர்ஐ எடுங்க. படம் தெளிவா வந்தாத்தான் பேச்சு."

எடுத்தார்கள். படம் கலங்கலாக வந்தது.

"ஆடிட்டீங்க ஐயா" என்றாள் ஸ்கேன் எடுக்கிற பெண்.

"நானா? மூச்சே விடலியேம்மா."

வீட்டுக்கு வந்தும் அதே பேச்சு. மிஷின் கோளாறு, கரண்ட் கோளாறு, அந்தப் பெண்ணின் கைக் கோளாறு. தான் ஆடியதை மட்டும் அவர் ஒத்துக்கொள்ளவே இல்லை. அவளுக்கும் குழப்பம்தான். பொய் சொன்னால் அவர் காது மடல் சிவக்கும். சிவக்கவில்லை.

இன்னொரு நாள் கொடுத்தார்கள். அன்று காலை கஞ்சியை நின்றபடி குடித்துவிட்டு, கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தபடி சொன்னார்.

"இன்னைக்கும் சரியா வரலேன்னா இதோட விட்டுடலாம். மயக்கம் குடுத்து எடுக்கறதுக்கு மாசக்கணக்குல காத்திருக்கணும்னு சொல்றாங்க. என்னால அலைய முடியாது. நின்னுக்கிட்டே இருந்துட்டுப் போறேன். மரமெல்லாம் நிக்கல?"

"மரத்துக்குப் பொண்டாட்டி இல்ல" என்றாள்.

அவர் பிடிவாதம் தெரிந்தவள் அவள். சொன்னால் சொன்னதுதான். இன்றைக்குப் படம் வராவிட்டால் அந்தத் தலையணை ஷெட்டிலேயே மக்கிப்போகும்.

அவள் தம்பி வேனோடு வந்தான். பின் சீட்டில் அவர் முட்டி போட்டு ஏறி, முதுகுச் சாய்வைக் கட்டிக்கொண்டு, பின் கண்ணாடியைப் பார்த்தபடி திரும்பிக்கொண்டார். ஒரு வருஷமாக எங்கே போனாலும் இப்படித்தான். அவளை முன்னால் தம்பி பக்கத்தில் உட்காரச் சொல்லிவிடுவார்.

"மாமா, பள்ளிக்கூடத்துல வீட்டுப்பாடம் எழுதாம போயிருப்பீங்க போல. முட்டி போடறது இவ்வளவு நல்லா வருது."

"வாடா. உங்கக்காவைக் கட்டினதுலேருந்து பழக்கம்."

"நான் எப்பங்க உங்களை முட்டி போடச் சொன்னேன்?"

"சொல்லணுமா? நீ பாத்தாலே போதும்."

தூறல் விட்டுவிட்டுப் பெய்தது. பின்னால் வந்த லாரிக்காரன் இவரைப் பார்த்துக் கையை ஆட்ட, இவரும் ஆட்டினார். "அவன் சீட்டு நம்ம தச்சது" என்றார் பெருமையாக. அந்த லாரியின் சீட்டு எதிலேயும் அவர்கள் கை பட்டதில்லை என்று அவளுக்குத் தெரியும். இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

ஸ்கேன் அறைக்கு வெளியே சட்டைப்பையைக் காலி செய்யச் சொன்னார்கள். ஆணி, கொக்கி, விரல்தொப்பி, ஒரு பழைய ஸ்பிரிங் என்று எடுத்து எடுத்து வைத்தார். "கடையையே கொண்டாந்துட்டீங்களா ஐயா?" என்றாள் ஸ்கேன் பெண். ஒல்லியான பெண், கொண்டையைப் பேனா செருகி நிறுத்தியிருந்தாள். அவரை ஆஸ்பத்திரி அங்கியில் உள்ளே படுக்க வைத்து, இடுப்பின் மேல் ஒரு தட்டை வைத்துப் பட்டை கட்டி, கணுக்காலுக்கும் பட்டை கட்டினாள். கையில் ஒரு ரப்பர் உருண்டையைக் கொடுத்து, முடியவில்லை என்றால் அமுக்கச் சொன்னாள். காதுக்கு அடைப்பு. படுக்கை உருளைக்குள் நகர்ந்தது. தலை உள்ளே போயிற்று, பாதம் இரண்டும் வெளியே நின்றன.

"நான் இங்கேருந்து பாக்கலாமாம்மா?" என்று கேட்டாள் அவள்.

"பாருங்கக்கா. இந்தக் கண்ணாடிகிட்ட நில்லுங்க."

அந்தப் பெண் திரையில் ஒரு கோடு போட்டு அதைச் சாய்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா கோணலா போடறே?"

"ஐயா நேராத்தான் படுத்திருக்காரு. ஆனா உள்ள அந்தக் குழாய் சாஞ்சு போகுது. அதோட சாய்வுக்கு ஏத்த மாதிரி நானும் சாச்சு சாச்சு படம் எடுக்கணும். நேரா எடுத்தா அந்த வழி சதையை எங்க தாண்டுதுன்னு தப்பாக் காட்டும்."

"பைப்பிங்குக்குத் துணியைச் சாய்வாத்தான் வெட்டுவோம். நேரா வெட்டினா வளைவுல சுருங்கிப்போகும்."

"அப்படியா? எனக்குப் பொத்தான் தைக்கக்கூட வராதுக்கா" என்று சிரித்தாள் அந்தப் பெண். "இந்தப் படத்துல கொழுப்பையெல்லாம் இருட்டாக்கிடுவோம். நீர் கோத்திருக்கிற எடம் மட்டும் வெளுப்பாத் தெரியும். கறுப்புத் துணியில வெள்ளை நூல் ஓடற மாதிரி. ஆனா ஆள் ஆடினா நூலும் துணியும் ஒண்ணாக் கலங்கிடும்."

முதல் சத்தம் சுவரில் துளை போடுகிறாற்போல் இருந்தது. அவர் பாதங்கள் கல் மாதிரி கிடந்தன. அடுத்தது நீளமாக ஒரு ஹார்ன் சத்தம். அதற்கும் அசையவில்லை. அவளுக்கு நிம்மதியாக இருந்தது. காத்திருக்கும் இடத்திலிருந்த நாற்காலிகளைத் தைத்தவன் மூலையில் நூலை இரண்டு முறை ஓட்டாமல் விட்டிருப்பதைக்கூட அப்போதுதான் நினைத்துப் பார்த்தாள்.

மூன்றாவது சத்தம் தொடங்கியது. டகடகடகடக என்று, சீராக, வேகமாக.

அவருடைய வலது கால் விழித்துக்கொண்டது. பெருவிரல் கீழே, குதிகால் மேலே. குதிகால் கீழே, பெருவிரல் மேலே. பட்டைக்குள்ளேயே, மெதுவாக, சத்தத்தோடு ஒத்துப்போய். நடுவில் ஒரு சின்ன நிறுத்தம். மூலை திருப்புகிறார். பிறகு மறுபடி.

"அம்மாடி, அவரு தைக்கிறாரு" என்றாள்.

"என்னக்கா?"

"அது எங்க மிஷின் சத்தம். அப்படியே அச்சா அதேதான். அவரு காலுக்குக் கேட்டுடுச்சு."

அந்தப் பெண் மிஷினை நிறுத்திவிட்டு மைக்கில் பேசினாள். "ஐயா, வலது காலை ஆட்டாதீங்க."

"நான் எங்கம்மா ஆட்டினேன்?" உள்ளேயிருந்து வந்த குரலில் உண்மையான வருத்தம் இருந்தது.

அந்தப் பெண் உள்ளே போய்ப் பட்டையை இறுக்கிக் கட்டிப் பார்த்தாள். மறுபடி டகடக. பாதம் நகர வழியில்லாமல், முழங்காலும் தொடையும் சேர்ந்து துடித்தன. திரையில் இடுப்பு முழுவதும் நீரில் எழுதினாற்போல் கலைந்தது.

"போன தடவை கால் துடிச்சதை நானும் பாத்தேன்" என்றாள் அந்தப் பெண். "குளுருதோ, பயமோன்னு நெனச்சேன். இந்தப் படம்தான் முக்கியமே. இது வரலேன்னா..." என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு, "நீங்க உள்ள போய்ப் பிடிச்சுக்கறீங்களா அக்கா? இது காந்தம்தான், எக்ஸ்ரே மாதிரி இல்ல. கூட இருக்கலாம். ஆனா உடம்புல இரும்புன்னு ஒரு பொட்டுகூட இருக்கக்கூடாது. ஆபரேஷன் ஏதாவது பண்ணியிருக்கா? நெஞ்சுல மிஷின், கால்ல தகடு, ஸ்க்ரூ?" என்று கேட்டாள்.

"எனக்கு ஒரு ஸ்க்ரூவும் இல்லம்மா. இருந்த ஒண்ணும் இவரைக் கட்டின அன்னைக்கே கழண்டு போச்சு."

சொல்லிவிட்டுக் கிளம்பியவள், தன்னையறியாமல் கழுத்துப்பட்டியைத் தொட்டாள். அங்கே ஒரு ஊசி. எடுத்து மேஜையில் வைத்தாள். கைமடிப்பில் இன்னொன்று. "அவ்வளவுதானே?" என்று அந்தப் பெண் கேட்க, "இருங்க" என்று கொண்டைக்குள் விரலை விட்டாள். வளைந்த ஊசி ஒன்று வந்தது, கூடவே இரண்டு கொண்டை ஊசி. அந்தப் பெண் அவளையும் ஆஸ்பத்திரி அங்கி மாற்றிக்கொண்டு வரச் சொல்லி, தலை முதல் கால் வரை தடவிப் பார்த்துத்தான் விட்டாள்.

"இப்படியேவா தூங்குவீங்க?"

"பழகினவருக்குக் குத்தாதும்மா."

உள்ளே குளிர் எலும்புவரை போயிற்று. காதை அடைத்துக்கொண்டு, படுக்கையின் கால்மாட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். அந்தப் பெண் பட்டையைத் தளர்த்திவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள். அவள் அவருடைய வலது பாதத்தை இரண்டு கையாலும் எடுத்துத் தன் மடியோடு அணைத்துக்கொண்டாள்.

அவர் உடம்பில் அவள் கை பட்டு எத்தனை மாதமாயிற்று. ஆனாலும் பாதம் அதே பாதம்தான். மிதி பட்டுப் பட்டுத் தடித்துப்போன பெருவிரல் அடிப்பாகம், மழை வந்தால் மட்டும் மூடிக்கொள்கிற பித்தவெடிப்பு, சின்ன வயதில் ஆணி ஏறிய தழும்பு. விலாசம் மாறாத வீடு மாதிரி எல்லாம் அங்கங்கே இருந்தன.

"யாரு?" உருளைக்குள்ளிருந்து குரல் வந்தது.

காதடைப்பை ஒரு பக்கம் தளர்த்திக்கொண்டாள். "நான்தான். வேற யாரு வந்து உங்க காலைப் பிடிப்பா? கட்டின நாள்லேருந்து காத்துக்கிட்டிருந்தீங்க, நடந்துடுச்சு."

பாதம் அவள் மடியிலிருந்து விலகப் பார்த்தது. பிறகு குரல் இறங்கி வந்தது.

"கிட்ட வராத. வாடை அடிக்கும்."

இந்த ஒரு வருஷத்தில் அவர் வேடிக்கை கலக்காமல் சொன்ன முதல் வார்த்தை அதுதான் என்று அவளுக்குப் பட்டது. வாசல்படிச் சாப்பாடும், ஒளித்துத் துவைத்த துணியும், ஷெட்டுத் தலையணையும் எல்லாம் சேர்ந்து இந்த இரண்டு வார்த்தைதான்.

"அடிக்கல" என்றாள். "அடிச்சாத்தான் என்ன? ரெக்ஸின் பசை வாடையில இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினவ நான். புள்ளைத்தாச்சியா இருந்தப்ப அந்தப் பசையை மோந்து மோந்து நான் வாந்தி எடுத்தேனே, நீங்க ஷெட்டுக்குப் போய்ப் படுடின்னு சொன்னீங்களா? முதுகைத் தடவிக்கிட்டு நின்னீங்கல்ல? அது மட்டும் நாறலையா?"

"அது வேற."

"ஒரு வேறயும் இல்ல."

மைக் கரகரத்தது. "அக்கா, ஐயா, எனக்கு எல்லாம் கேக்குது. குடும்ப விஷயத்தை வெளிய வந்து வச்சுக்குங்க. ஐயா பேசினா வயிறு ஆடுது."

உள்ளே அவர் சிரிப்பை அடக்குவது பாதத்தில் தெரிந்தது. அவள் உள்ளங்காலில் விரலால் ஒரு தட்டுத் தட்டினாள். அடங்கியது.

டகடகடகடக.

கணுக்காலுக்கு மேலே நரம்பு புடைத்து எழுவதை அவள் கட்டைவிரல் கண்டுகொண்டது. அழுத்தவில்லை. தையல் மிஷின் சக்கரம் ஓடி நிற்க வேண்டிய நேரத்தில் உள்ளங்கையை வைத்து நிறுத்துவார்களே, அப்படி மெதுவாகக் கையை வைத்தாள். நரம்பு தளர்ந்தது. மறுபடி எழுந்தது, மறுபடி கை வைத்தாள். கொஞ்ச நேரத்தில் கால் அந்தச் சத்தத்தை மறந்து, அவள் கையை நினைத்துக்கொண்டது. கனமாக, வெதுவெதுப்பாக மடியில் கிடந்தது. நடுவில் அந்தப் பெண் வந்து அவர் கைநரம்பில் மருந்து செலுத்திவிட்டுப் போனாள். இன்னொரு முறை டகடக. அவளுக்குக் குளிரில் பல் கிட்டியது. பிடி தளரவில்லை.

வெளியே வந்தபோது அந்தப் பெண் திரையை அவள் பக்கம் திருப்பினாள். இருட்டில் ஒரு வெள்ளை நூல். யாரோ அவசரமாகத் தைத்து, பின்பக்கமாகக் கொண்டுபோய் மறைத்து விட்டாற்போல் இருந்தது. அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் கோடு கலங்காமல் இருக்கிறது என்பது புரிந்தது. அது போதுமாயிருந்தது.

பெரிய டாக்டர் அன்று இருந்ததால் மாலையே கூப்பிட்டார். இருவரும் அவர் மேஜைக்கு முன்னால் நின்றார்கள். ஒருவர் நிற்கும்போது இன்னொருவர் உட்காருவது அவளுக்குப் பிடிப்பதில்லை.

"இதோ பாருங்க. வழி இங்க ஆரம்பிச்சு, இந்தச் சதையைத் தாண்டி வெளிய வருது. இது நமக்குத் தெரிஞ்சது. தெரியாதது இது." டாக்டரின் பேனா முனை வெள்ளை நூலோடு வளைந்து போயிற்று. "குதிரை லாடம் மாதிரி பின்னால சுத்தி அந்தப் பக்கம் போய் ஒளிஞ்சுக்கிட்டிருக்கு. ரெண்டு தடவையும் நாம இந்தப் பக்கத்தை மட்டும் பாத்திருக்கோம். இது அங்கேருந்து சீழை அனுப்பிக்கிட்டே இருந்திருக்கு."

"இப்ப என்ன டாக்டர் பண்றது?" என்று கேட்டாள்.

"அந்தக் கிளையைச் சுத்தம் பண்ணிட்டு, வழி நெடுக ஒரு நூலைக் கோத்துத் தளர்வா முடிச்சுப் போட்டு விட்டுடுவேன். சில மாசம் உள்ளயே இருக்கும். அழுக்கெல்லாம் அது வழியா வடிஞ்சு காயட்டும். சதையை வெட்ட வேண்டாம். காஞ்ச பிறகு வழியை மூடலாம். நூத்துக்கு நூறுன்னு நான் சொல்லமாட்டேன். ஆனா இப்ப எங்க போறோம்னு தெரிஞ்சு போறோம்."

அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். "நூலா? என்ன நூல் டாக்டர்?"

"மெல்லிசா, ரப்பர் மாதிரி இருக்கும்."

"முடிச்சு உறுத்துமே? நாங்க சீட்டுக்கெல்லாம் முடிச்சைத் திருப்பி..."

அவள் அவர் முழங்கையைக் கிள்ளினாள். டாக்டர் முதல் முறையாகச் சிரித்தார். "கொஞ்ச நாளைக்கு உறுத்தும். பழகிடும். சீக்கிரமே உக்காரலாம், சீட்டுக்காரர் நீங்க, நல்ல சீட்டா பாத்து உக்காருங்க."

மழை விட்டிருந்தது. தம்பி வேனைத் துடைத்துக்கொண்டு நின்றான். அவர் வழக்கம்போல் பின்பக்கம் ஏறி முட்டி போட்டுத் திரும்பிக்கொண்டார். தம்பி முன் கதவைத் திறந்து வைத்தான். அவள் அதைச் சாத்திவிட்டுப் பின்னால் போனாள்.

"அக்கா, முன்னால வரலியா?"

"தினமும் உன் மூஞ்சியத்தானே பாக்கறேன்."

சீட்டில் ஏறி, செருப்பை உதறிவிட்டு, அவர் பக்கத்தில் முட்டி போட்டு, சாய்வின் மேல் கையை மடித்து வைத்துக்கொண்டு பின் கண்ணாடியைப் பார்த்தாள். தோளோடு தோள் இடித்தது. அவர் கொஞ்சம் நகரப் பார்த்தார். ஜன்னல் பக்கம் இடமில்லை.

"உனக்கென்ன கேடு? நல்லாத்தானே இருக்கே. முன்னால போய் உக்காரு."

"நீங்க மட்டும் வேடிக்கை பாத்தாப் போதுமா?"

வேன் கிளம்பியது. நனைந்த சாலை அவர்கள் காலடியிலிருந்து புறப்பட்டு நீளமாகப் பின்னால் போய்க்கொண்டே இருந்தது. கடைகள், விளக்குகள், குடையை மடக்கிக்கொண்டிருந்த ஒருத்தி, எல்லாம் சிறுத்துச் சிறுத்துப் போயின. பின்னால் வந்த பைக்கில் இருந்த தம்பதி இவர்களை ஒரு மாதிரி பார்த்தார்கள். அவள் கையை ஆட்டினாள். அவர்களும் ஆட்டினார்கள்.

"நம்ம சீட்டா?" என்றார் அவர்.

"ஆமா. நம்மதுதான்."

சாய்வின் விளிம்பில் ஓடிய கரையை அவர் விரலால் தடவிக்கொண்டே இருந்தார். அவள் தைத்த கரை. மூலையில் ஒரு இடத்தில் லேசாகக் கோணியிருந்தது. அவர் சிரித்த ஏதோ ஒரு நாள் தைத்தது.

"ஷெட்டு ரொம்ப ஒழுகுது" என்றார் சாலையைப் பார்த்தபடி. "தலையணையெல்லாம் நனைஞ்சு போச்சு. உள்ள வந்து படுத்துக்கறேன்."

"நீங்களுந்தான் ஒழுகுறீங்க" என்றாள். "ரெண்டும் ஒண்ணா கெடக்கட்டும்னீங்க?"

"வேணாம். அது தனியா ஒழுகட்டும்."

அவர் காது மடலைப் பார்த்தாள். சிவக்கவில்லை.

மேட்டில் ஏற வண்டி கியர் மாறியது. என்ஜின் சத்தம் தாழ்ந்து, டகடகவென்று சீரானது.

"மாமா" என்றான் தம்பி, முன்னாலிருந்து. "என் சீட்டை ஏன் உதைக்கறீங்க?"

அவள் திரும்பிப் பார்த்தாள். முட்டிக்குப் பின்னால் தொங்கிய வலது பாதம், ஓட்டுநர் இருக்கையின் முதுகில் மிதித்துக்கொண்டிருந்தது. பெருவிரல் கீழே, குதிகால் மேலே. கையை நீட்டினாள். பிறகு என்ன நினைத்தாளோ, மடக்கிக்கொண்டாள்.

"விடுடா" என்றாள். "தைக்கட்டும்."